மச்சினன் இறங்கிய கடைசி ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு விடியும்போதே வயிறு கலங்கிவிடும். சனிக்கிழமை ராத்திரி தின்ற பரோட்டாதான் காரணம் என்று என் மனைவி பரோட்டாக் கடைக்காரரைத் திட்டித் தீர்ப்பாள். பாவம், அந்த மனுஷன் மாவில் ஒரு குறையும் கிடையாது. கிரிக்கெட் லீக் நடக்கும் மாதங்களில் மட்டும் வருகிற வயிற்று வலி அது. தை முடிந்து மக்காச்சோளம் அறுப்பு ஓய்ந்ததும் தொடங்கும், சித்திரை வெயிலோடு போகும். அதற்குப் பெயர் பயம் என்பது எனக்கும் எங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பெரம்பலூரில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் கொண்டு வருவார்கள், பழைய கம்பியைப் பிரித்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். நாள் முழுக்கக் கரண்ட்டோடு புழங்குகிறவன் ஒரு பந்துக்குப் போய் பயப்படலாமா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் உண்டு. கரண்ட் அடித்தால் கையை உதறிக்கொண்டு ஓடிவிடலாம். பந்து வந்து சேருகிற வரைக்கும் நாம் அங்கேயே நிற்க வேண்டும்.

நாங்கள் எல்லாரும் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர்கள். டென்னிஸ் பந்து பட்டால் தோல் சிவக்கும், லீக்கில் போடுகிற லெதர் பந்து பட்டால் நீலம் பாய்ந்து ஒரு வாரம் நிற்கும். அதுவும் தேங்காய் நார் மேட் விரித்து ஆடுகிற ஆட்டத்தில் பந்து சும்மா வராது, குத்தியதும் நெஞ்சுக்கு எழும்பும். அப்படிப்பட்ட பந்தை முதலில் போய்ச் சந்திக்க எங்கள் அணியில் யாரும் முன்வராததால் என்னை ஓப்பனர் ஆக்கினார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் பந்தை எங்கேயாவது தட்டிவிட்டு ஒரு ரன் ஓடிவிடுவது. எதிர்முனைக்குப் போய்விட்டால் அப்புறம் இன்னொரு ஓப்பனர் பாடு. நான் தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்து, இந்த வயதிலும் என்ன சுறுசுறுப்பு என்று பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்த இன்னொரு ஓப்பனர் என் மச்சினன். என் மனைவியின் ஒரே தம்பி. வேப்பந்தட்டைப் பக்கம் மாமனாருக்குக் கொஞ்சம் நிலம், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுவார்கள். அவன் காட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து ஆடுவான். நான் பயந்தாங்கொள்ளி என்றால் அவன் நேர் எதிர். பந்து எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு சந்தோஷமாக ஆடுவான். அவனை அணியில் சேர்த்துவிட்டது நான். சேர்த்துவிட்ட நாளிலிருந்து என் மனைவி ஞாயிறுதோறும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான், தம்பியைப் பார்த்துக்கோங்க என்று. என்னை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் முதல் ஆட்டம் அரியலூர்ப் பக்கம். ரெட்டிபாளையம் போகிற வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய் வருகிற ரோட்டை ஒட்டி ஒரு பொட்டல். மரத்து இலையெல்லாம் வெள்ளைப் பூச்சு பூசியிருக்கும். எதிரணியின் வேகப்பந்து வீச்சாளர் ஒரு டிப்பர் லாரி டிரைவர். ஆறடிக்கு மேல் உயரம், தாடி, ஆனால் பேச்சு அவ்வளவு மெதுவாக இருக்கும். டாஸ் போடுவதற்கு முன்னால் எங்களிடம் வந்து, சாப்பிட்டீங்களா சார் என்று விசாரித்தார். அதே மனுஷன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வரும்போது வேறு ஆள்.

வழக்கம்போல முதல் பந்தில் ஒரு ரன் ஓடி எதிர்முனைக்குப் போய்விட்டேன். மச்சினன் இரண்டு பவுண்டரி அடித்தான். வெயில் ஏறியது. எங்கள் கிட் பேக்கில் ஹெல்மெட் இரண்டுதான், அதில் ஒன்றுக்கு முன்னால் இருக்கும் கம்பி வலை போன வருஷமே கழன்று விழுந்துவிட்டது. அவன் அதைத்தான் போட்டிருந்தான், காற்றோட்டமாக இருக்கிறது மாமா என்று சொல்லித்தான் போட்டுக்கொண்டான். டிப்பர்காரர் போட்ட பந்து ஒன்றும் அவ்வளவு குட்டையானது இல்லை. முன்காலில் போய் ஆடவேண்டிய பந்து. அவனும் அப்படித்தான் போனான். மேட்டில் குத்திய இடத்திலிருந்து பந்து நேராக மேலே ஏறி அவன் இடது கண்ணுக்குக் கீழே அடித்தது. அந்தச் சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம். நான் அடுத்த முனையில் நின்று அதைக் கேட்டேன்.

அவன் விழவில்லை. உட்கார்ந்தான், கையால் முகத்தை மூடிக்கொண்டான், விரலிடுக்கில் ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டதும் அவன் என்னிடம் கேட்டது பந்து எங்கே போச்சு என்றுதான். அதற்குள் யாரோ மேட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். கீழே ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சுக்கான் கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மண்ணே அப்படி, மழை பெய்து காய்ந்தால் மண் இறங்கிக் கல் மேலே வந்துவிடும். கடப்பாரை கொண்டுவந்து அதை நெம்பி எடுத்தார்கள், குழியை மண் போட்டு மிதித்தார்கள், மேட்டைத் திரும்ப விரித்து ஆணி அடித்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. நாங்கள் அப்போது காரில் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். காரை ஓட்டியது அந்த டிப்பர்காரர்தான். வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினார்.

கன்ன எலும்பில் கீறல், உள்ளே வீக்கம், கண் தப்பித்தது என்று டாக்டர் சொன்னார். வீக்கம் வற்றியதும் கண்ணை இன்னொரு முறை பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னார். என் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்து தம்பி தலைமாட்டில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான். அவள் திட்டாமல் இருந்தால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை நான் எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டத்தை விட்டுவிடலாம்தான். விட்டால் பயந்து ஓடிவிட்டான் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சுக்கும் எனக்குப் பயம். இப்படி இரண்டு பயத்துக்கும் நடுவில் கால் பேடைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். பந்து வீச்சாளர் ஓடி வரத் தொடங்கியதும் என் கண் நார் மேட்டில் எங்கே கல் புடைத்திருக்கிறது என்று தேடும். அதைத் தேடி முடிப்பதற்குள் பந்து வந்துவிடும். சீக்கிரம் சீக்கிரம் அவுட்டாகி வந்தேன். அவுட்டாகி நடந்து வரும்போது மட்டும் வயிறு லேசாக இருக்கும். எங்கள் கேப்டன் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், கோபம் வந்தாலும் கத்த மாட்டார். அவர் ஒருநாள் எனக்கு வயிற்றுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, மனசுக்கு என்னிடம் மருந்து இல்லை என்றார். தோல்வி மேல் தோல்வியாக வந்து அணி கடைசி இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. கடைசி இடம் பிடிக்கிற அணி கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும்.

அவுட்டான பிறகும் எனக்கு வேலை உண்டு. எங்கள் லீக்கில் வெளியிலிருந்து அம்பயர் வருவது இறுதிப் போட்டிக்கு மட்டும்தான். மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் பேட்டிங் பிடிக்கிற அணியிலிருந்தே இரண்டு பேர் போய் அம்பயராக நிற்க வேண்டும். சீக்கிரம் அவுட்டானவன்தான் அதற்கு அகப்படுவான், அதனால் நான் பேட்ஸ்மேனாக நின்றதைவிட அம்பயராக நின்றதே அதிகம். ஓவருக்கு ஆறு பந்து எண்ண கடையிலிருந்து சின்ன நட்டுகள் கொண்டுபோய்ப் பையில் போட்டுக்கொள்வேன். ரன் அவுட், ஸ்டம்பிங் எல்லாம் நியாயமாகத்தான் கொடுப்போம். எல்.பி.டபிள்யூ மட்டும் கிடையாது. ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்தால் அவுட் என்ற விதி இருப்பது எல்லாருக்கும் தெரியும், பந்து காலில் பட்டால் எதிரணி கத்தவும் கத்தும், அம்பயர் எங்கேயோ பருந்து பறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அவர்கள் பேட்டிங் வரும்போது அவர்களும் அப்படித்தான் நிற்பார்கள். சொந்த ஆளுக்கு எல்.பி.டபிள்யூ கொடுப்பது, தாலி கட்டுகிற நேரத்தில் போய் மாப்பிள்ளையின் பழைய கதையை எடுத்துவிடுவது மாதிரி. யாரும் செய்யமாட்டார்கள்.

மச்சினன் முகத்தில் தையல் பிரித்து வீக்கமும் வற்றியது. பார்க்க முன்பைவிட லட்சணமாகக்கூட இருந்தான், கன்னத்தில் ஒரு தழும்பு. அவனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்து, ஜாதகமும் பொருந்தி, அப்புறம் பையனுக்குக் கண்ணில் அடி பட்டதாமே என்று யார் மூலமாகவோ விசாரித்தார்கள். மாமனார் வீட்டில் அந்தப் பேச்சு வந்ததும் அவன் எழுந்து வெளியே போய்விட்டான். கண்ணைப் பெரிய டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று என் மனைவி கேட்டபோது, காட்டிவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். தனியாகவே போய் வந்ததாகச் சொன்னான். அவள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி டீ கொண்டுவந்து நீட்டினாள், அவன் கை டம்ளருக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே மூடிக்கொண்டது. சிரித்துக்கொண்டு மறுபடி நீட்டி வாங்கினான். வாசலில் செருப்பு மாட்டும்போது இரண்டு முறை காலால் துழாவினான். நான் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் ஏதாவது பதில் சொல்லிவிடுவானே என்று பயமாக இருந்தது. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன். நேராகத்தான் போனான். நாமாக எதையாவது நினைத்துக்கொள்கிறோம் என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

கடைசி ஆட்டம் அதே டிப்பர்காரர் அணியோடு, இந்த முறை பெரம்பலூரில், எங்கள் மைதானத்தில். ஜெயித்தால் டிவிஷனில் இருப்போம், தோற்றால் கீழே. அது போதாதென்று அன்றைக்குப் பார்த்து நல்ல முகூர்த்தம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் போன் மேல் போன் போட்டும் பதினோரு பேர் தேறவில்லை. அப்போது பைக்கில் வந்து இறங்கினான் மச்சினன், வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, முழு உடுப்போடு. கேப்டன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் அவனைத் தனியாக இழுத்துப் போனேன். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான். ஆடாதே, பத்துப் பேரோடு ஆடிக்கொள்கிறோம் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"ஒரு மேட்ச் ஆடிட்டேன்னா ஊர் வாய் மூடிடும் மாமா. கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு ஊர்க்காரங்களே பொண்ணு வீட்டுல போய்ச் சொல்லிடுவாங்க. ஒரே ஒரு மேட்ச்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கீழ் வரிசையில் இறக்குங்கள் என்று கேப்டனிடம் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். புது ஹெல்மெட்டை, வலை நன்றாக இருப்பதை, அவனுக்கென்று எடுத்து வைத்தேன். ஹெல்மெட் போட்டாலும் நெஞ்சு இருக்கிறது, விலா இருக்கிறது, வலையின் இடுக்கு இருக்கிறது. உடம்பில் எந்தெந்த இடம் திறந்திருக்கிறது என்று ஒரு பயந்தவனைப்போல யாராலும் கணக்குப் போட முடியாது. அவன் எல்லைக் கோட்டில் நின்று ஃபீல்டிங் செய்தான், அவன் பக்கம் பந்தே போகவில்லை. நான் கும்பிட்ட சாமிகளில் ஒன்று அங்கே மட்டும் கண் திறந்தது.

எங்கள் பேட்டிங் வந்தது. நான் முதல் ஓவரிலேயே டிப்பர்காரரின் பந்துக்கு ஒதுங்கி நின்று ஸ்டம்பைத் தாரை வார்த்துவிட்டு வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கெல்லாம் பழகிவிட்டார்கள். பேடைக் கழற்றிப் போட்டுவிட்டு, நட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அம்பயராகப் போய் நின்றேன். மற்றவர்கள் நன்றாக ஆடினார்கள். ஜெயித்துவிடுவோம் போல இருந்தது. ஜெயித்துவிட்டால் அவன் இறங்க வேண்டியதே இல்லை என்று ஒவ்வொரு ரன்னுக்கும் உள்ளுக்குள் கை தட்டினேன். வெற்றி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மளமளவென்று விக்கெட் போயிற்று. எட்டாவது ஆளும் போனான். மைதானத்து ஓரத்தில் எழுந்து நின்று கையுறையை மாட்டிக்கொண்டு வந்தான் மச்சினன். அதைப் பார்த்ததும் எதிரணி கேப்டன் பந்தைத் தூக்கி டிப்பர்காரரிடம் போட்டார்.

டிப்பர்காரர் என் முனையிலிருந்துதான் வீச வேண்டும். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தம்பி நல்லாயிட்டாப்லயா சார் என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். மெதுவாகப் போடுங்கள் என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. அம்பயராக நின்றுகொண்டு அப்படிக் கேட்க முடியுமா? அவர் நடந்து போய், திரும்பி, ஓடி வந்தார்.

முதல் பந்து மச்சினனின் தாடைக்குப் பக்கத்தில் போயிற்று. அவன் ஆடவில்லை, அசையவும் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லைக் கோட்டிலிருந்து கை தட்டினார்கள், என்ன தைரியம்டா என்று ஒரு குரல் கேட்டது. நான் அவன் முகத்துக்கு நேராக நின்றவன். மற்றவர்கள் பார்க்காததை நான் பார்த்தேன். பந்து அவனைத் தாண்டிக் கீப்பர் கையில் விழுந்து சத்தம் வந்த பிறகுதான் அவன் தலை திரும்பியது.

ஒரு நட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். இரண்டாவது பந்து இன்னும் வேகம், விலாவை உரசுகிற மாதிரி உள்ளே வந்தது. அப்போதும் அவன் அப்படியே நின்றான். பயப்படாத ஆள் யாராக இருந்தாலும் உடம்பு தானாகக் கொஞ்சம் சுருங்கும், இமை துடிக்கும். இவனுக்கு எதுவுமே நடக்கவில்லை. சத்தம் வந்தது, அப்புறம் தலை திரும்பியது, அப்புறம் சிரித்தான். டம்ளருக்கு முன்னாலேயே மூடிய கை என் கண் முன்னால் வந்தது. இவனுக்குப் பந்து தெரியவே இல்லை. எல்லாரும் தைரியம் என்று கை தட்டுவது இதற்குத்தான். சித்திரை வெயிலில் நின்றுகொண்டு எனக்குக் குளிர்ந்தது.

ஆட்டத்தை நிறுத்தி, இவனுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லலாம். அத்தனை பேர் முன்னால் சொன்னால் அன்று மாலைக்குள் ஜெயங்கொண்டம் வரைக்கும் போய்விடும், அவன் வாழ்க்கை முடிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் அடுத்த பந்தோ அதற்கடுத்ததோ எங்கே படும் என்று தெரியாது. டிப்பர்காரர் ஏற்கெனவே திரும்பிவிட்டார். அவர் காலடி என் முதுகுக்குப் பின்னால் தட தடவென்று வந்தது. நான் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோது பந்து மச்சினனின் கால் பேடில் பட்டு உருண்டுகொண்டிருந்தது.

ஸ்டம்புக்கு வெளியே, கால் பக்கமாகச் சுத்தமாக வெளியே போன பந்து என்று அப்புறம் எல்லாரும் சொன்னார்கள். டிப்பர்காரர் அவுட் கேட்கக்கூட இல்லை. கீப்பர் மட்டும் பழக்கத்தில் பாதித் தொண்டையில் ஹௌவ் என்றார், பருந்து பார்க்கிற அம்பயரிடம் கேட்கிற மாதிரி. அந்தப் பாதிச் சத்தம் எனக்குப் போதுமானதாக இருந்தது. என் கை மேலே போயிற்று. ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நின்றேன்.

கீப்பருக்கே புரியவில்லை. எங்கள் கேப்டன் எல்லைக் கோட்டிலிருந்து கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். டிப்பர்காரர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், அது லெக்ல போச்சுங்க. நான் கேக்கவே இல்லைங்க."

அவர் தன் கேப்டனிடம் திரும்பி, திருப்பிக் கூப்பிட்டுவிடலாமா என்றும் கேட்டார். அவ்வளவு நல்ல மனுஷன். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை. கூப்பிட்டுவிடுவார்களோ என்று எனக்கு உயிர் போயிற்று. கொடுத்தது கொடுத்ததுதான் என்று கத்தினேன், என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நல்லவேளையாக அவர்கள் கேப்டன் அவ்வளவு நல்லவர் இல்லை. அம்பயர் கொடுத்தால் அவுட் என்று சொல்லிவிட்டார். மச்சினன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான், என்னைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி ஆள் வந்தான், வந்த வேகத்தில் போனான். தோற்றோம். கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம்.

எங்கள் ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எவ்வளவு வாங்கினே என்று ஒருத்தன் கேட்டான். மச்சினன் கூட என்ன தகராறு, சொத்துத் தகராறா என்று இன்னொருத்தன். கேப்டன் எதுவும் கேட்கவில்லை, அடுத்த சீசன் என்னைத் தேட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் அந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனால் பையன் மாத்திரை எடுத்துக் கொடுப்பான், அவர் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒருத்தரிடமும் விளக்கம் சொல்லவில்லை. நாளைக்கே அப்படி ஒரு பந்து வந்தாலும் கையைத் தூக்குவேன், இன்னும் சீக்கிரமாகத் தூக்குவேன்.

மச்சினன் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் புங்கமரத்து நிழலில் தன் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். பேடைக்கூடக் கழற்றவில்லை. நான் கிட்டே போனதும் தலை நிமிராமலே பேசினான்.

"வெளிய போற பந்துக்குக் குடுத்துட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க மாமா."

"நீ என்ன சொல்ற?"

அவன் பேட்டை எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான். இத்தனை நாளாகக் கேட்கப் பயந்ததை அப்போது கேட்டேன்.

"நீ பாத்தியா மாப்ள?"

அவன் பேடின் வாரைப் பிடித்து இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். மைதானத்தில் மேட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒத்தக் கண்ணுல அவர் கைய விட்டு வர்றது தெரியுது. அப்புறம் கால்ல பட்டது தெரியுது. நடுவுல ஒண்ணும் இல்ல மாமா."

பெரிய டாக்டரிடம் அவன் போகவே இல்லை. திருச்சி பஸ்ஸில் ஏறி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய், அங்கே ஒரு கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். உள்ளே போனால் கண் போயிற்று என்று சொல்லிவிடுவார்கள் என்று போகவில்லையாம். இதை அவன் சொன்னபோது எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கை நீட்டி வண்டிச் சாவியைக் கேட்டேன். வேப்பந்தட்டையிலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் இதே கண்ணோடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மறுபேச்சு இல்லாமல் சாவியை என் கையில் வைத்தான். வைக்கும்போது அவன் கை என் கையைத் தேடியது.

அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓட்டினேன். நாளைக் காலையில் திருச்சி போகிறோம், நானும் உள்ளே வருகிறேன் என்று முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் என் தோளைப் பிடித்து, வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். அங்கிருந்தே தெரிந்தது, என் மனைவி வாசலில் நின்று இரண்டு பேரும் வருகிறோமா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு மாமா," என்றான் மச்சினன்.

எனக்கும்தான் என்றேன். அவள் எங்களைப் பார்த்துவிட்டுப் படி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.